“வசதியான அளவு விரைவில்”
அமைச்சர்தம் ஒழுங்குவிதிகளும் பாராளுமன்றக் கண்காணிப்பும்

சட்டத்தை இயற்றுவோர் ஒருவர், அதன்கீழ் விதிகளை வகுப்போர் மற்றொருவர் என்னும் நிலை இக்கால அரசியலில் இயல்பாய் அமைந்துவிட்டது. பாராளுமன்றம் ஒரு துறைக்கு வேண்டிய கொள்கையை வகுத்துச் சட்டமாக்குகின்றது. அதனை நடைமுறைப்படுத்தற்கு வேண்டும் நுணுக்கங்களை அமைச்சர் கையில் விட்டுவிடுகின்றது. அமைச்சர் வகுத்து வர்த்தமானியில் வெளியிடுவன ஒழுங்குவிதிகள் எனப்படும். அனுமதிப்பத்திரக் கட்டணம் யாது, படிவத்தின் அமைப்பு யாது, இறக்குமதிப் பொருள்கள் எவை என்பனவற்றையெல்லாம் சபையினரே இருந்து எண்ணிக்கொண்டிருத்தல் இயலாது என்பது வெளிப்படை. ஆகவே இவ்வதிகாரத்தை ஒப்படைத்தல் தவறன்று. ஆயின், சட்டத்துக்கும் ஒழுங்குவிதிக்கும் உள்ள வேறுபாடு அதனை மீறியதாகக் கூறப்பட்டுக் கூண்டில் நிற்பவனுக்குப் புலப்படுவதில்லை. அவனுக்கு இரண்டும் ஒன்றே. நீதவான் விதிக்கும் குற்றப்பணத்தில் ஒரு சதமேனும் குறைவதில்லை. எனவே, மக்கள் தெரிந்தனுப்பிய சபை, தான் இரவல் கொடுத்த அதிகாரம் எவ்வாறு கையாளப்படுகின்றது என்று பார்க்கின்றதா என வினவுதல் குடிமக்களின் உரிமையாகும்.

இலங்கைச் சட்டங்களிற் பெரும்பாலானவற்றின் இறுதியிலே ஒழுங்குவிதிகளைப்பற்றிய பிரிவொன்று காணப்படும். அதன் வாசகம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியிடப்பட்ட நாளிலேயே, அன்றேல் அதிற் குறிக்கப்பட்ட பிந்திய நாளொன்றிலே நடைமுறைக்கு வரும். வெளியிடப்பட்ட பின்னர் “வசதியான அளவு விரைவில்” அது பாராளுமன்றத்தின் முன் அங்கீகாரத்துக்காகக் கொண்டுவரப்படல் வேண்டும். அங்கீகரிக்கப்படாத விதி, அங்கீகாரம் மறுக்கப்பட்ட நாள்தொட்டு நீக்கப்பட்டதாகக் கருதப்படும். ஆனால் அதன்கீழ் முன்னர்ச் செய்யப்பட்ட எதற்கும் பங்கமின்றி.

இச்சிறு வாசகத்துள் மூன்று வாயில்கள் திறந்துகிடக்கின்றன. யாருடைய வசதி என்று வாசகம் கூறவில்லை. ஆயினும் பிரேரணையைக் கொணர்பவர் அமைச்சரேயாதலின், வசதியும் அவருடையதே. கிழமைகளும் திங்களும் கடந்த பின்னர் அலுவற் பட்டியலிலே பல ஒழுங்குவிதிகள் ஓரடுக்காய் வந்து, வேறேதோ பொருள்பற்றிய உரைகளுக்கு நடுவே ஒருங்கே நிறைவேறுதல் ஹன்சாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர்க்குப் பழகிய காட்சியாகும். இரண்டாவது, சபை விதியை ஏற்கலாம் அல்லது தள்ளலாம். ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமெனினும் அவ்வாசகத்தில் அதற்கிடமில்லை. மூன்றாவது, “பங்கமின்றி” என்னும் சொல். சபை தள்ளிய விதியின்கீழ்ச் சிறைசென்றவன் சென்றவனே. செலுத்திய பணம் செலுத்தியதே. பிணி தீர்ந்தபின் மருந்து கொடுத்தல் ஒருவகைக் குறை. பிணியாளன் இறந்தபின் நாடிபார்த்தல் வேறொருவகை. நம் சட்டநூல்களில் உள்ள கண்காணிப்பு இரண்டாவது வகையைச் சார்ந்தது.

விதியொன்றின் விளைவு பின்னர் மீட்க முடியாததாய் இருத்தல் கூடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று போதும். 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி வெளியான வர்த்தமானி மூலம், 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இரசாயன உரமும் கிருமிநாசினிகளும் நாட்டுக்குள் வருதல் தடுக்கப்பட்டது. நெல்லும் தேயிலையும் பயிரிடும் ஒரு நாட்டின் வேளாண்மை முழுவதையும் மாற்றியமைக்கும் முடிவு, புதிய சட்டமொன்றின் மூன்று வாசிப்புகளையும் காணாமல் ஒழுங்குவிதியாகவே பிறந்தது. அவ்வாண்டு நவெம்பரில் அரசாங்கமே அதனை மீட்டுக்கொண்டது. விதியை மீட்டல் ஒரு கையொப்பத்தால் முடிந்தது. பெரும்போகத்தை மீட்டல் எவராலும் முடியவில்லை.

இனி, தமிழ் மக்களை நெருங்கித் தொட்டதொரு வரலாற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். மேலே கூறிய வழக்கமான வாசகத்துக்கு மாறாக, முன்னங்கீகாரத்தை வேண்டி நின்ற சட்டங்களும் இந்நாட்டில் இருந்தன. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின்கீழ் அமைச்சர் வகுக்கும் எவ்விதியும், மூதவையும் பிரதிநிதிகள் சபையும் அங்கீகரித்து, அவ்வங்கீகாரம் வர்த்தமானியில் அறிவிக்கப்படும்வரை வலுப்பெறாது என்று விதிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டமும் அதே நிபந்தனையை மேற்கொண்டது. ஏட்டளவில் நோக்குவார்க்கு இவை இரண்டும் சிறந்த கண்காணிப்புக்கு எடுத்துக்காட்டாய்த் தோன்றும். இரு சபைகளும் இசைந்தாலன்றி விதி இல்லை. இதனினும் மேலான காவல் யாது?

ஆயின் காவல் எங்கு நின்றது, வாயில் எங்கிருந்தது என்பதே வினா. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. உடனே மாற்றுதல் இயலாதவிடத்து 1960 திசெம்பர் 31ஆந் திகதிக்கு முன்னர் மாற்றம் நிறைவேறல் வேண்டுமென்றது. அம்மாற்றம் நிருவாகக் கட்டளையால் இயலாதவிடத்து ஒழுங்குவிதிகளை ஆக்கலாம் என்றும் கூறியது. எனவே, சிங்களத்தைப் புகுத்துதற்கு நிருவாகக் கட்டளையே போதும். சபைக்கு வருதல் வேறுவழியில்லாதபோதே. தமிழுக்கோ நிலை எதிரானது. 1958ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் அரசாங்கத்தோடு தமிழிற் கடிதத்தொடர்பு கொள்ளுதற்கும், வட கிழக்கு மாகாணங்களில் “விதிக்கப்படும்” நிருவாகக் கருமங்களுக்குத் தமிழைப் பயன்படுத்துதற்கும் இடமளித்தது. விதிக்கப்படும் என்றாற் போதுமா? விதித்தார் யார்? விதி இல்லாதவரை அச்சட்டம் எண்ணெய் வாராத விளக்காகவே இருந்தது. ஒரு மொழிக்கு எளிய படலையும், மற்றொரு மொழிக்கு இரட்டைப் பூட்டிட்ட கதவும் வைத்தாற்போன்றது இவ்வமைப்பு. பூட்டு நல்ல பூட்டே. அதனை எக்கதவிற் பூட்டினார்கள் என்பதிலே தான் அநீதி தங்கியது.

அச்சட்டம் நிறைவேறிய சூழலும் மறக்கற்பாலதன்று. 1958 மே மாதக் கலவரத்தின் பின்னர் அவசரகாலநிலை நிலவிற்று; தமிழரசுக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அவசரகால விதிகளின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டிருந்த வேளையிலேயே அது பிரதிநிதிகள் சபையில் விவாதிக்கப்பட்டது. தமிழ்மொழிக்குரிய சட்டத்தைத் தமிழ்ப் பிரதிநிதிகள் ஆராய முடியாதபடி செய்தது நிருவாகத்தார் ஆக்கிய ஒழுங்குவிதியே என்பது கருதத்தக்கது. பின்னர் ஏழாண்டுகளுக்கு மேலாக விதி எதுவும் வகுக்கப்படவில்லை. பண்டாரநாயக்கா 1959இல் மறைந்தார். தகநாயக்கா அரசும், டட்லி சேனநாயக்காவின் குறுகியகால அரசும், சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசும் வந்து போயின. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்பாட்டின் பின்னரே, 1966 சனவரியில் அவ்வொழுங்குவிதிகள் சபைக்கு வந்தன. சனவரி 8ஆந் திகதி கொழும்பில் எழுந்த எதிர்ப்பு ஊர்வலத்தின்மேற் பொலிசார் சுட்டதில் பௌத்த பிக்கு ஒருவர் உயிர்நீத்தார். அன்றே மறுபடியும் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று பெரும்பாலும் நூல்களிற் பேசப்படுவதில்லை. பாராளுமன்றக் கண்காணிப்பு என்றால் அமைச்சர் மிகையாகச் செய்ததைத் தடுத்தல் என்றே எண்ணுகின்றோம். அமைச்சர் ஒன்றுமே செய்யாதிருத்தலும் அதிகாரத்தைப் பிழையாகக் கையாளுதலே. சபை நிறைவேற்றிய சட்டத்தை, விதி வகுக்காமையால் அமைச்சர் ஒருவர் உறங்க வைக்கலாமெனின், சபையின் முடிவை அவர் வாக்கெடுப்பின்றியே தள்ளிவிட்டார் என்பது பொருள். வெளியிட்ட விதியைத் தள்ளும் கருவி சபையிடம் இருந்தது. வெளியிடாத விதியைக் கேட்டுப் பெறும் கருவி இருக்கவில்லை.

1966ஆம் ஆண்டு விதிகளின் உள்ளடக்கமும் நோக்கத்தக்கது. வட கிழக்கு மாகாணங்களில் அரசாங்க அலுவல்களும் பதிவேடுகளும் தமிழில் நடைபெறல் வேண்டும் என்பதோடு, கட்டளைச் சட்டங்களும் சட்டங்களும் அவற்றின்கீழ் ஆக்கப்படும் விதிகளும் அறிவித்தல்களும் வர்த்தமானியும் தமிழிலும் வெளிவரல் வேண்டும் என்று அவை கூறின. தன்னைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதியைத் தன் மொழியிற் படித்தறியும் உரிமை, தமிழனுக்கு மற்றொரு ஒழுங்குவிதியாற் கிடைத்தது! அதனையும் 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு விட்டுவைக்கவில்லை. அதன் 8ஆம் பிரிவு, இவ்விதிகள் எவ்வகையிலும் யாப்பின் ஏற்பாடாகப் பொருள்கொள்ளப்படலாகாது என்றும், அவை துணைநிலைச் சட்டவாக்கமே என்றும் வெளிப்படையாய் எழுதிவைத்தது. ஒரு மொழி யாப்பிலே ஏறிற்று. மற்றைய மொழியின் நடைமுறை, துறைமுகக் கட்டணமும் படிவமும் கிடக்கும் அடுக்கிலே வைக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு யாப்பும், 1987, 1988ஆம் ஆண்டுகளின் 13ஆம், 16ஆம் திருத்தங்களுமே தமிழை அந்த அடுக்கினின்றும் எடுத்து யாப்பினுள் வைத்தன. ஏட்டிலுள்ளது கந்தோர் மேசைக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கதை.

நிருவாகக் கட்டளை என்னும் எளிய படலையின் வழியே நுழைந்ததற்குக் கோடீஸ்வரன் வழக்குச் சான்றாகும். 1961 திசெம்பர் 4ஆந் திகதியிட்ட திறைசேரிச் சுற்றுநிருபம், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்றது. கேகாலைக் கச்சேரியிற் பணிபுரிந்த எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு 1962 ஏப்பிரிலில் அவ்வேற்றம் மறுக்கப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார். 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர், அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மீறுகின்றது எனத் தீர்த்தார். 1967இல் உயர்நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்கிடல் இயலாது என்னும் ஒரு காரணத்தைக்கொண்டு அத்தீர்ப்பை மாற்றியது. 1969 திசெம்பரில் கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்று கூறி யாப்பு வினாவைத் தீர்க்குமாறு திருப்பி அனுப்பியது. அதற்குள் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமையும் போயிற்று, 29ஆம் பிரிவும் போயிற்று. வினா விடையின்றியே நின்றது. நீதிமன்றங்கள் இவ்வாறு பல ஆண்டுகளாக ஆராய்ந்த அச்சுற்றுநிருபம், சட்டமும் அன்று, ஒழுங்குவிதியும் அன்று. இரு சபைகளின் அங்கீகாரம் வேண்டுமென்ற நிபந்தனை சுற்றுநிருபத்தைத் தீண்டவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பை எரியவிடுவதும் அணைப்பதும் ஆகிய முடிவு, சபையின் மேசைக்கு வராமலே தபாற்பையிற் சென்றது. ஆகவே, ஒழுங்குவிதிகளைக் காவல் செய்தல் மட்டும் போதாது. ஒழுங்குவிதியாக வரவேண்டியதொன்று சுற்றுநிருபமாகக் கரந்து செல்லுதலையும் காத்தல் வேண்டும்.

அவசரகால ஒழுங்குவிதிகள் இவையனைத்தினும் வலியன. 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பொது வேலைநிறுத்தத்தின் நடுவே, சுதந்திரத்துக்கு முன்னரே பிறந்தது. அதன்கீழ் அன்று மகாதேசாதிபதியும் இன்று சனாதிபதியும் ஆக்கும் விதிகள், யாப்பு நீங்கலாக எச்சட்டத்தையும் மேவி நிற்பன. பிரகடனம் ஒரு மாதமே நிலைக்கும் என்பதும், அது பாராளுமன்றத்துக்கு உடனே அறிவிக்கப்படல் வேண்டும் என்பதும் காவல்கள். 1978ஆம் ஆண்டு யாப்பின் 155ஆம் உறுப்புரையின்படி, சபை அங்கீகரியாத பிரகடனம் 14 நாள்களின் பின் வலுவிழக்கும். ஆயின் சபை வாக்களிப்பது பிரகடனத்துக்கே, விதிகளுக்கன்று. குடையை விரிக்கலாமா என்று மாதந்தோறும் சபையைக் கேட்கிறார்கள்; குடையின்கீழ் நடப்பது யாது என்று சபை கேட்கவேண்டிய கட்டாயமில்லை. இத்தனைக்கும் அக்கட்டளைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பாராளுமன்றம் தன் தீர்மானத்தால் எந்த அவசரகால விதியையும் நீக்கலாம், மாற்றலாம், கூட்டலாம் என்று அதிகாரம் அளிக்கின்றது. சாதாரண விதிகளைத் திருத்த இயலாத சபைக்கு, மிகக் கொடிய விதிகளைத் திருத்தும் உரிமை உண்டு! உறையிலிருந்து வெளிவராத வாளாக அவ்வுரிமை கிடக்கின்றது. மேலும், பிரகடனம் 90 நாள்களைக் கடந்து தொடர்வதாயின் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டுமென 1978ஆம் ஆண்டு யாப்பு முதலில் விதித்திருந்தது. 1986இல் 10ஆம் திருத்தம் அதனை அகற்றியது. தன் கைவிலங்கைத் தானே பூட்டிக்கொண்ட சபையை வேறெங்கு காண்டல் கூடும்?

சபை செய்யாததை நீதிமன்றமே ஓரளவு செய்தது. பொலிசாரின் அனுமதியின்றித் துண்டுப்பிரசுரம் வழங்கலாகாது என்ற அவசரகால விதியை, யோசேப்பு பெரேரா வழக்கில் 1987இல் உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1998 ஓகஸ்டில் அவசரகால விதியொன்றால் ஐந்து மாகாண சபைத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டமை கருணாதிலக்க வழக்கில் 1999இல் உரிமை மீறலெனத் தீர்க்கப்பட்டது. 2022 யூலை 17ஆந் திகதிய பிரகடனமும் அடிப்படை உரிமைகளை மீறியதென 2025 யூலையில் உயர்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாற் கூறியது. அப்பிரகடனத்தையே பாராளுமன்றம் 120 வாக்குகளுக்கு 63 என்ற கணக்கில் அங்கீகரித்திருந்தது என்பதை ஒப்புநோக்குக. நீதிமன்றத்தின் விடை மூன்றாண்டுகள் கழித்து வந்தது. அது நீதிமன்றத்தின் குறையன்று. வழக்கு என்பது இயல்பிலேயே பிந்தி வருவது. முந்தி வருதற்கெனவே பாராளுமன்றம் அமைந்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோர்க்கு இப்பொருள் புத்தக அறிவன்று. வீட்டில் உறைவோர் பெயர்ப்பட்டியலைப் பொலிசு நிலையத்திற் கொடுத்துப் பதிதலும், யாழ்ப்பாணத்திலிருந்து மாமியார் வந்து ஒரு கிழமை தங்கினாலும் அவர் பெயரை அதில் ஏற்றுதலும் ஒரு தலைமுறைக்கு மாதாந்த வழக்கமாயிருந்தன. அவ்விதியின் வாசகத்தைக் கண்ணாற் கண்டவர் எத்தனைபேர்? 2007 யூன் 7ஆந் திகதி விடியுமுன்னர், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அதனை நிறுத்தியது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். பாராளுமன்றம் ஆராய்ந்து ஏற்ற விதியெதுவும் அவ்வாறு வெளியேற்றுதற்கு இருந்ததில்லை. கேட்போர் இல்லாவிடத்து விதி ஆக்கிப் பழகியவர்கள், நாளடைவில் விதியும் வேண்டுவதில்லை என்னும் நிலைக்கு வருதல் வியப்பன்று.

பிறநாடுகளை நோக்கின், நமக்கு நெருங்கிய ஒரு பெயரே முதலில் எதிர்ப்படுகின்றது. இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்த டொனமூர்ப் பிரபு, அதன்பின் 1929இல் இங்கிலாந்தில் அமைச்சர்தம் அதிகாரங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். பிரதம நீதியரசர் ஹியூவட் பிரபு, அமைச்சர்கள் புதிய கொடுங்கோலராகின்றனர் என்று அவ்வாண்டிலேயே நூலெழுதிக் கண்டித்திருந்தார். 1932இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, விதிகளை ஆராய நிலையான பாராளுமன்றக் குழு வேண்டுமென்றது. 1944இலேயே அது அமைந்தது. டொனமூர் யாப்பின்கீழ் இலங்கை அரசாங்க சபையின் உறுப்பினர் யாவரும் ஏழு நிருவாகக் குழுக்களில் ஒன்றிலிருந்தனர் என்பதும் இங்கு நினைத்தற்குரியது. அம்முறைக்குப் பல குறைகள் உண்டு. ஆயினும் நிருவாகத்தின் கோப்பு, சாதாரண உறுப்பினன் கண்ணுக்கும் எட்டியது.

இந்தியாவில் லோக்சபை 1953இல் துணைநிலைச் சட்டவாக்கக் குழுவை நிறுவியது. உறுப்பினர் 15 பேர். அமைச்சர் எவரும் அதில் இருத்தல் இயலாது. விதிகள் 30 நாள்கள் சபைமுன் கிடத்தல் வேண்டும். இரு சபைகளும் இசைந்தால் அவற்றைத் திருத்தவும் செய்யலாம். சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறு மாதங்களுள் விதிகள் வகுக்கப்படல் வேண்டும், இயலாதாயின் அமைச்சு குழுவிடம் தவணை கேட்டல் வேண்டும் என்பதும் அங்குள்ள முறை. அம்முறையும் முழுப்பயன் தந்ததென்று கூறமுடியாது. 2019 திசெம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள், தவணைமேல் தவணை பெற்று, 2024 மார்ச்சிலேயே வெளிவந்தன. (இலங்கைத் தமிழ் அகதிகள் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டனர் என்பது வேறு துயரம்.) ஆயினும் அங்கு ஏன் தாமதம் என்று கேட்க ஒரு குழு இருந்தது, அமைச்சு எழுத்தில் விடைகூற வேண்டியதாயிற்று. 1958க்கும் 1966க்கும் இடையில் கொழும்பில் அத்தகைய வினாவைக் கேட்கக் கடமைப்பட்டவர் எவருமிலர்.

நமது நிலையியற் கட்டளைகளின்கீழ் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் 2015இன் பின்னர் எழுந்தன. ஒழுங்குவிதிகளை ஆராயும் அதிகாரமும் அவற்றுக்கு உண்டு. சட்டமூலம், அறிக்கை, ஒப்பந்தம் என்று பலவற்றோடு ஒன்றாய் ஒழுங்குவிதியையும் பார்க்கும் குழு, ஒழுங்குவிதியையே பார்க்கும் குழுவுக்கு ஈடாகாது. விதிகளை மட்டும் ஆராயவும், சுற்றுநிருபங்களை அழைத்துப் பார்க்கவும், ஆக்கப்படாத விதிகளுக்குக் காரணம் கேட்கவும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தலைமையில் தனிக்குழு அமைதல் வேண்டும். விரைவு வேண்டும் வேளையில் இவையெல்லாம் தடையாகும் என்பார் உளர். கொள்ளைநோய் வரும்போது சபை கூடும்வரை காத்திருத்தல் இயலுமா என்பர். இயலாதுதான். ஆயின் 2020 மார்ச் 2ஆந் திகதி கலைக்கப்பட்ட பாராளுமன்றம், ஓகஸ்ட் 20ஆந் திகதியே மீண்டும் கூடிற்று. நோயால் இறந்தோரைத் தகனமே செய்தல் வேண்டும் என்ற விதி ஏப்பிரில் 11ஆந் திகதி வர்த்தமானியில் வந்தது. முஸ்லிம்களின் சமயக்கடனைத் தொட்ட அவ்விதியைக் குறித்துச் சபையில் ஒருசொல் வினவுதற்குச் சபையே இருக்கவில்லை. அடக்கஞ் செய்ய இசைவு 2021 பெப்ருவரியிலேயே கிடைத்தது. அதற்கிடையில் எரிக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை, “முன்னர்ச் செய்யப்பட்ட எதற்கும் பங்கமின்றி” என்பதே நிலை.

“வசதியான அளவு விரைவில்” என்பதை நீக்கி நாள்கணக்கை எழுதுதல் கடினமன்று. வெளியிட்ட நாளிலிருந்து இத்தனை அமர்வு நாள்களுள் சபைக்கு வாராத விதி தானே வலுவிழக்கும் என்று ஒரு வரி போதும். பிரகடனத்துக்கு 14 நாள் விதிக்கத் தெரிந்த யாப்புக்கு இது புதிய வித்தையன்று. சபை கலைந்திருக்கும் காலத்துக்கும் ஒருவரி வேண்டும். அவ்வரிகளை எழுதவேண்டியது சட்டவரைஞர். எழுதுமாறு அவருக்குப் பணிக்கவேண்டியவர்கள், அவ்வாசகத்தால் இதுவரை வசதியடைந்த அமைச்சர்களே.